பிதற்றல் என்று எண்ணப்பட்ட நற்செய்தி



லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் 24-ம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. உயிர்ப்பு ஞாயிறன்று அல்லேலூயா பாடும் ஆவலில் அதை நாம் சற்று வேகமாகவே கடந்துபோய் விடுகிறோம். மதலேன் மரியாளும், யோவன்னாவும், யாகப்பரின் தாயாகிய மரியாளும், அவர்களோடிருந்த ஏனைய பெண்களும் வெறுமையான கல்லறையைக் கண்டு, ஓடிவந்து, பதினொருவருக்கும் மற்றவர்களுக்கும் அதை அறிவித்தார்கள். அப்போஸ்தலர்களோ அவர்கள் சொன்னதை வெறும் பிதற்றல் என்று எண்ணி நம்பவில்லை. இதுதான் அந்த 11-ம் வசனம்.

அப்போஸ்தலர்கள் கெட்ட மனிதர்களா? இல்லை. ஆண்டவரை நேசித்தவர்கள்; பின்னர் அவருக்காக இரத்தம் சிந்தியவர்கள். ஆயினும் உலகத்துக்கே மீட்பைச் சொல்லும் செய்தி அவர்கள் வாசலுக்கு வந்தபோது, அதைக் கொண்டுவந்த வாய் பெண்ணின் வாய் என்பதனால் அந்தச் செய்தி சற்று நேரம் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அக்காலத்து யூத வழக்கில் பெண்ணின் சாட்சியத்துக்குப் பெறுமதி குறைவு. இது ஆண்டவருக்குத் தெரியாததா? தெரிந்தும் அவர் அந்தப் பெண்களையே தெரிந்தெடுத்தார். கொடுத்தவர் தாமதிக்கவில்லை, பெற்றுக்கொள்ள வேண்டியவர்களே தாமதித்தார்கள்.

இந்தத் தாமதம் அந்த ஒரு காலையோடு முடிந்துவிடவில்லை. இருபது நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றில் அது எத்தனையோ முறை திரும்ப நிகழ்ந்திருக்கிறது. இன்று இரண்டு கன்னியாஸ்திரிகளின் வாழ்வை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். ஒருவர் பீடத்துக்கு உயர்த்தப்பட்டவர். மற்றவருக்குப் பீடமும் இல்லை, திருநாளும் இல்லை.

முதலாமவர் அவிலா நகரின் புனித தெரேசம்மாள். எங்கள் வீடுகளில் ரோசாப்பூக்களை அணைத்தபடி நிற்கும் குழந்தை தெரேசம்மாளின் படம் தாராளமாக உண்டு. இவர் அவரல்லர், அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பெரிய தெரேசம்மாள். 1515-ம் ஆண்டு மார்ச் மாதம் 28-ம் திகதி ஸ்பெயின் தேசத்தில் பிறந்தார். 1535-ல் அவிலாவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அந்த மடம் ஊரின் ஒரு சிறு பதிப்பாகவே இருந்தது. பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகளும் பணிப்பெண்களும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுக்கூடத்தில் படுக்கை. பெயருக்கு முன்னால் பட்டம், பட்டத்துக்கேற்ற மரியாதை. துறவற உடுப்புக்குள்ளும் குலப்பெருமை குறையவில்லை.

தெரேசம்மாளின் பாட்டனார் யூத குலத்திலிருந்து மனந்திரும்பியவர். 1485-ல் தொலேதோ நகரில் விசுவாச விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுப் பகிரங்கத் தண்டனை ஏற்றவர். இந்த உண்மை பழைய ஏடுகளிலிருந்து வெளிவந்தது 1940-களிலேதான். அதுவரை அவரை உயர்குடிப் பிறப்பு என்று புகழ்ந்து எழுதியவர்கள் பலர். அந்நாள் ஸ்பெயினில் 'இரத்தத் தூய்மை' என்று ஒரு சான்று கேட்பார்கள். மூதாதையரில் யூதரோ மூர்களோ இல்லை என்று காட்டவேண்டும். தெரேசம்மாள் தாம் தொடங்கிய மடங்களில் எந்தப் பிள்ளையிடமும் அந்தச் சான்றைக் கேட்கவில்லை. பட்டங்களை வாசலிலேயே விடச் சொன்னார். மடத்தின் ஒழுங்குமுறையில், கூட்டிப் பெருக்குவோர் அட்டவணை தலைவியின் பெயரிலிருந்தே தொடங்கவேண்டும் என்று எழுதிவைத்தார். ஒருவரைக் கண்டதும் யாருடைய பிள்ளை, எந்தப் பகுதி என்று விசாரித்த பின்பே கதிரை போடுகிற எங்களுக்கு இந்த அட்டவணையைக் கொஞ்சம் உரக்க வாசித்துக் காட்டினால் நல்லது.

1559-ல் ஒரு காரியம் நடந்தது. தாய்மொழியில் எழுதப்பட்ட ஞானநூல்கள் பலவற்றை விசாரணைத் தலைவர் தடைசெய்தார். இலத்தீன் படித்த ஆண்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. இலத்தீன் கற்பிக்கப்படாத பெண்களுக்கோ வாசிக்க ஏதும் மிஞ்சவில்லை. தெரேசம்மாள் மிகவும் வருந்தினார். வருந்தாதே, உயிருள்ள நூலொன்றை நான் உனக்குத் தருவேன் என்ற பொருளில் ஆண்டவர் தம் உள்ளத்தில் பேசியதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வாசிக்கும் நூலைப் பறித்தார்கள்; ஆண்டவர் அவரையே நூலாசிரியை ஆக்கினார்!

ஆனால் எழுதுவது அவருக்குச் சுகமான பொழுதுபோக்கல்ல. ஆன்ம குருக்கள் கட்டளையிட்டதனால் எழுதினார். எழுதும் நேரமெல்லாம் நூல் நூற்கும் நேரம் குறைகிறதே, இது ஏழை மடமாயிற்றே என்று இடையில் ஒரு முறைப்பாடும் செய்கிறார். குசினிச் சட்டி பானைகளின் நடுவிலும் ஆண்டவர் உலாவுகிறார் என்று தம் சகோதரிகளுக்கு நினைவூட்டியவரும் அவரே.

1562 ஓகஸ்ட் 24-ம் திகதி, நான்கு ஏழைப் பெண்களோடு புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கினார். ஊர் கொந்தளித்தது. நிலையான வருமானம் இல்லாத மடம் நகரத்துக்குப் பாரமாகும் என்று நகரசபையார் வழக்குத் தொடுத்தனர். நகரத்துப் பெரியவர்கள் கூடிய கூட்டத்தில் தோமினிக்கு சபைக் குருவாகிய பாஞெஸ் சுவாமியார் எழுந்து அவருக்காகப் பேசினார். வருமானமில்லா மடம் என்ற யோசனை அவருக்கும் பிடிக்கவில்லை என்பதே இதிலுள்ள அழகு. நமக்கு உடன்பாடில்லாத ஒருவருக்கும் நீதி கிடைக்கவேண்டும் என்று நாலுபேர் முன்னால் எழுந்து நிற்பது லேசான காரியமல்ல.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். தம் சகோதரிகளுக்காக 'நிறைவின் வழி' என்ற நூலை எழுதும்போது தெரேசம்மாள் ஒரிடத்தில் எழுத்தை விட்டுச் செபத்துக்குத் தாவி விடுகிறார். ஆண்டவரே, நீர் இவ்வுலகில் நடமாடியபோது பெண்களை வெறுக்கவில்லை. அவர்களிடத்தில் பெரிய அன்பையும் விசுவாசத்தையும் கண்டீர். உலகத்து நீதிபதிகளோ ஆதாமின் மக்கள், எல்லாரும் ஆண்கள். பெண்ணிடமுள்ள எந்தப் புண்ணியத்தையும் அவர்கள் சந்தேகத்தோடேயே பார்க்கிறார்கள். நீர் அப்படிப்பட்ட நீதிபதி அல்லவே! இதுதான் அந்தச் செபத்தின் சாரம். கையெழுத்துப் பிரதியைப் பரிசீலித்த குரு இந்த வரிகளை மையால் அடித்துவிட்டார். தெரேசம்மாள் நூலை இரண்டாம் முறை எழுதியபோது அந்தப் பகுதி அதில் இல்லை. அடிபட்ட அந்த ஏடு எஸ்கோரியால் நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது. மையின் அடியில் கிடந்த எழுத்துக்களை அறிஞர்கள் வாசித்தெடுத்து, அவருடைய நூல் தொகுதிகளில் இப்போது அச்சிட்டிருக்கிறார்கள்.

அடித்த குருவை நாம் அவசரப்பட்டுத் திட்டவேண்டாம். அவர் தெரேசம்மாளின் பகைவரல்லர். உள்ளொளி பெற்றோம் என்று சொல்லிக்கொண்டு திருச்சபையை அலட்சியம் செய்த கூட்டங்கள் அந்நாள் ஸ்பெயினில் இருந்தன. மௌன செபம் செய்யும் பெண் என்றாலே சந்தேகம். அவர் தெரேசம்மாளைக் காப்பாற்றவே அந்த வரிகளை அழித்தார் என்று எண்ண இடமுண்டு. எங்கள் வீடுகளிலும் பெண்பிள்ளைகளின் வாயை அதிகமாய் மூடுபவர்கள் அவர்களை வெறுப்பவர்களா? இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சுகிற, அவர்கள்மேல் உயிரையே வைத்திருக்கிற தாய் தகப்பன்மார்தாம். அன்பு இருந்தால் அநியாயம் நடவாது என்று யாரும் எண்ணவேண்டாம்.

1577-ல் அவருடைய பழைய மடத்துச் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தெரிவுசெய்ய வாக்களித்தார்கள். தேர்தலை நடத்திய சபை அதிபர் அந்த வாக்குகளைக் கசக்கி எரித்து, வாக்களித்த ஐம்பதுக்கு மேற்பட்ட சகோதரிகளைச் சபைவிலக்கம் செய்தார். அடுத்த ஆண்டளவில் பாப்பரசரின் தூதர் அவரை ஊர் சுற்றும் அமைதியற்ற பெண், பெண்கள் போதிக்கலாகாது என்ற புனித சின்னப்பரின் கட்டளையை மீறிப் போதிப்பவள் என்று கண்டித்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலோ விசாரணை மன்றத்தின் கையில் இருந்தது. அது கிடைக்காதபடியால், வேறொன்று எழுதுங்கள் என்று அருட்திரு கிராசியான் சொன்னார். அறுபத்திரண்டு வயது, தலைக்குள் இரைச்சல், நோய். யூன் மாதம் தொடங்கி நவம்பரில் எழுதி முடித்தார். 'ஆன்மக் கோட்டை' என்று உலகமே இன்று போற்றும் நூல் அதுதான். தூதர் சொன்னபடி அவர் ஊர் சுற்றியதும் உண்மையே. மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை வண்டியிலும், மழையிலும் வெயிலிலும் சுற்றித்தான் பதினேழு மடங்களை உண்டாக்கினார்.

1582 ஒக்டோபர் 4-ம் திகதி இரவு, திருச்சபையின் மகளாகவே இறக்கிறேன் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லியபடி கண்மூடினார். நாட்காட்டி திருத்தப்பட்ட ஆண்டு அது. மறுநாள் விடிந்தபோது ஒக்டோபர் 15-ம் திகதி. அதனாலேயே அவர் திருநாள் அன்று வருகிறது. 1588-ல் நூல்கள் அச்சேறின. 1622-ல் இஞ்ஞாசியாரோடும், மன்னாருக்குக் குருவை அனுப்பிய எங்கள் சவேரியாரோடும் ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அத்தோடு முடிந்ததா? அவருடைய போதனை திருச்சபை முழுவதற்கும் ஒளியாக இருந்தமையால் அவரை மறைவல்லுநர், அதாவது எங்கள் பாட்டன்மார் சொன்ன வேதபாரகர், என்று பிரகடனம் செய்யவேண்டும் என மன்றாட்டு எழுந்தது. 1923-ல் பதினோராம் பத்திநாதர் காலத்தில் கிடைத்த பதில் இரண்டே இலத்தீன் சொற்கள். பால் தடையாக நிற்கிறது என்பது அவற்றின் பொருள். போதனையில் குறையில்லை, புனிதத்தில் குறையில்லை, பெண் என்பது ஒன்றே தடை! ஆயினும் கதவை அடியோடு சாத்தாமல், முடிவு பின்வரும் பாப்பரசருக்கு விடப்பட்டது. 1970 செப்டெம்பர் 27-ம் திகதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அந்தத் தடையை நீக்கினார். சபையில் பெண்கள் பேசாதிருக்கட்டும் என்ற கொரிந்தியர் நிருப வசனத்தை அவர் மறைத்துவிட்டுப் போகவில்லை. அன்றைய மறையுரையிலேயே அதை எடுத்துப் பேசினார். ஒரு வாரம் கழித்து சியேன்னா நகர்ப் புனித கத்தரீனம்மாளும் அதே நிலைக்கு உயர்த்தப்பட்டார். பின்னர் 1997-ல் குழந்தை தெரேசம்மாள், 2012-ல் ஜெர்மனி தேசத்து ஹில்டெகார்ட். முப்பதுக்கு மேற்பட்ட மறைவல்லுநர்களுள் பெண்கள் நால்வர்.

பெண்களின் வார்த்தை பிதற்றல் என்று எண்ணப்பட்ட அந்தக் காலையில் இராயப்பர் எழுந்து கல்லறைக்கு ஓடினார் என்று அடுத்த வசனத்திலே வாசிக்கிறோம். இராயப்பரின் வழிவந்தவர்கள் எழுந்து ஓட இந்த விடயத்தில் நாற்பத்தேழு வருடம் சென்றது. ஓடினார்கள் என்பதற்காக ஆண்டவருக்குத் தோத்திரம்.

இரண்டாமவர் ஹுவானா இனெஸ் என்னும் கன்னியாஸ்திரி. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிக்கோ நாட்டின் சிற்றூரொன்றில், முறைப்படி மணம் செய்யாத பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் அக்காவின் பின்னால் போய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்துவிட்டார். ஆண்பிள்ளை உடுப்புப் போட்டு என்னைச் சர்வகலாசாலைக்கு அனுப்புங்கள் என்று தாயிடம் கெஞ்சினார். குறித்த நாளுக்குள் பாடம் படித்து முடிக்காவிட்டால் தம் கூந்தலைத் தாமே வெட்டிக்கொள்வார். அறிவில்லாத தலைக்கு அலங்காரம் எதற்கு என்பது அவர் கணக்கு. படிப்பதற்கு ஓய்வு கிடைக்கும் இடம் அந்நாளில் பெண்ணுக்கு ஒன்றுதான், மடம். கொஞ்சக்காலம் தெரேசம்மாளின் சபையிலும் இருந்து பார்த்தார். பின்னர் 1669-ல் புனித எரோணிமுசாரின் சபையில் வாக்குக் கொடுத்தார். கவிதை, நாடகம், தேவாலயங்களில் பாடும் கீதங்கள் எல்லாம் எழுதினார்.

ஒருமுறை நல்ல மனமும் வெள்ளை உள்ளமும் கொண்ட தலைவி ஒருவர், படிப்பு ஆபத்தானது என்று எண்ணிப் புத்தகங்களைத் தொடக்கூடாதென்று கட்டளையிட்டார். மூன்று மாதம் கீழ்ப்படிந்தார். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லையே! பம்பரம் சுற்றும் பிள்ளைகளைக் கண்டு, தரையில் மாவைத் தூவி, அது வரையும் கோட்டை ஆராய்ந்தார். குசினியில் முட்டை நெய்யில் ஒன்றுசேர்வதையும் பாகில் பிரிந்து நிற்பதையும் கவனித்தார். அரிஸ்டோட்டில் சமையல் செய்திருந்தால் இன்னும் அதிகம் எழுதியிருப்பார் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னது இந்த அனுபவத்திலிருந்துதான். எங்கள் அம்மாமார் சிரிப்பார்கள். அதிலுள்ள உண்மை அவர்களுக்குத் தெரியும்.

1690-ல் பெயர்பெற்ற ஒரு பிரசங்கியாரின் மறையுரையை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையைப் புவெப்லா மேற்றிராணியார் அச்சிட்டார். கூடவே, உலகக் கல்வியைக் குறைத்துக்கொள்ளும்படி புத்தி சொல்லி ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் மேற்றிராணியார் தம் பெயரைப் போடவில்லை, ஒரு கன்னியாஸ்திரியின் பெயரைப் போட்டார்! 1691 மார்ச் 1-ம் திகதியிட்டு ஹுவானா பதில் எழுதினார். தம் வாழ்க்கைக் கதையை அதிலே சொன்னார். திருச்சபை எழுத அனுமதித்த பெண்களைக் கணக்கிட்டார்; தெரேசம்மாளின் பெயரும் அதிலுண்டு. கற்றறிந்த முதிய பெண்கள் இளம் பெண்களுக்குக் கற்பிக்கவேண்டும். ஆசிரியைகள் இல்லாத குறையினாலேயே தகப்பன்மார் தம் புதல்விகளைப் படிப்பியாமல் விடுகிறார்கள் என்று வாதாடினார். எங்கள் நாட்டுக்கும் இது பொருந்தாத பேச்சல்ல. 1862-ல் திருக்குடும்பக் கன்னியர் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தபின் எத்தனை கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்து வாசனை கிடைத்தது! அவர்களும் புத்தகத்தோடு வந்த பெண்கள்தாமே.

ஹுவானாவின் கதை தெரேசம்மாளின் கதைபோல் முடியவில்லை. நெருக்குதல் கூடியது. நூல்களையும் கருவிகளையும் ஏழைகளுக்காக விற்றார். 1694-ல் தம் இரத்தத்தால் கையொப்பமிட்டு வாக்குகளைப் புதுப்பித்தார். எழுத்து நின்றது. மறு ஆண்டு மடத்தில் கொள்ளைநோய் பரவ, நோயுற்ற சகோதரிகளுக்குப் பணிவிடை செய்து, தாமும் நோய்ப்பட்டு ஏப்பிரல் 17-ம் திகதி இறந்தார். மனம்மாறித் தாமே விரும்பித் துறந்தார் என்பர் சிலர். வாயை அடைத்தார்கள் என்பர் பலர். அவர் மரணம் அன்பின் மரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஆண்டவர் ஏற்றிய விளக்கை மரக்காலின் கீழ் வைக்கச் செய்தது புண்ணியம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. இறுதியில் நோயாளியைத் துடைத்த அதே கையினால் அவர் எழுதியிருக்கவும் கூடும். பணிவிடைக்கு அறிவைப் பலிகொடுத்தாக வேண்டும் என்று ஆண்டவர் எங்கே சொன்னார்?

அன்பார்ந்தவர்களே, இவை தூரதேசத்துப் பழங்கதைகள் என்று விட்டுவிட வேண்டாம். 2021 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் என்னும் நிலையான பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். 2023 ஒக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். அந்த வாக்குகளை எவரும் எரிக்கவில்லை. உரோமையில் நடப்பது எங்கள் பங்கில் நடக்கிறதா? கோயிலைக் கூட்டுவது, பூக்கட்டுவது, மறைக்கல்வி படிப்பிப்பது, பாடகர் குழுவில் பாடுவது பெரும்பாலும் பெண்கள். திருநாள் செலவைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களில் எத்தனை பேர்? இருந்தால் பேசுகிறார்களா, தேநீர் பரிமாறுகிறார்களா?

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பிரசங்கத்தை முடிக்க என் மனச்சாட்சி இடந்தரவில்லை. 2017 பெப்ரவரி 20-ம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவிமாரும். பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்தபடி, நான் கையால் பிடித்துக் கொடுத்த பிள்ளை எங்கே என்றே கேட்டார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடியவர்கள் பலர். அவர்கள் சொல்வதைப் பழங்கதை என்றும், அலுப்பு என்றும் எண்ணுகிறவர்கள் அரசாங்கத்தில் மட்டும் இல்லை. எங்கள் கோயில் முற்றத்திலும் உண்டு. ஒரு உடலைத் தேடிப் போன பெண்களைத்தான் ஆண்டவர் உயிர்ப்பின் சாட்சிகளாக்கினார் என்பதை அவர்கள் நினைக்கட்டும்.

வரும் ஒக்டோபர் 15-ம் திகதி தெரேசம்மாளின் திருநாளன்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இரவில் செபமாலை முடிந்தபின் உடனே எழும்ப வேண்டாம். வீட்டிலிருக்கும் அம்மாவிடமோ, அம்மம்மாவிடமோ, மணம் முடிக்காமல் வீட்டுக்காக உழைத்த மாமியிடமோ பிள்ளைகள் கேட்கட்டும்: எத்தனையாம் வகுப்போடு படிப்பை விட்டீர்கள்? யார் நிறுத்தினார்கள்? இடம்பெயர்ந்தபோது எதைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்? செய்ய ஆசைப்பட்டுச் செய்யாமல் விட்டது என்ன? ஆண்கள் இடையில் பேசவேண்டாம்; திருத்தவும் வேண்டாம். பேசுபவர் அழுதால் அழட்டும். எழுத்து நன்றாயுள்ள பிள்ளை ஒரு கொப்பியில் சொன்னது சொன்னபடி எழுதட்டும், ஒரு வரியையும் அடிக்காமல்.